மாதம் ஒரு ஊசி: உடலில் கரையும் நுண்ணுருண்டைகளின் வரலாறு

காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று. மருந்துக்கடையில் மாத்திரை உறையின் மேல் பேனாவால் எழுதித் தரும் இந்தக் கணக்கு எல்லோருக்கும் பழக்கமானதுதான். ஆனால் ஏன் மூன்று வேளை? மூன்றையும் காலையிலேயே விழுங்கிவிட்டு அன்றைய வேலையைப் பார்க்கப் போனால் என்ன?

விழுங்கிய மாத்திரை கரைந்து இரத்தத்தில் கலக்கும்போது மருந்தின் அளவு வேகமாக ஏறுகிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் சிறிது சிறிதாக அப்புறப்படுத்த, அளவு இறங்குகிறது. ஒரு வரம்புக்கு மேலே போனால் மருந்தே நஞ்சு. இன்னொரு வரம்புக்குக் கீழே வந்தால் சாப்பிட்டும் பயனில்லை. இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் மருந்தை நிறுத்தி வைக்கத்தான் வேளைக் கணக்கு.

மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய மருந்துகளுக்கு இது சரி. புரத வகை மருந்துகளை என்ன செய்வது? வயிற்றுக்குள் போனால் பருப்பும் முட்டையும் செரிப்பது போல அவையும் செரித்துவிடும். ஊசிதான் ஒரே வழி. அந்த ஊசி மருந்தும் சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும் என்றால் தினமும் குத்திக்கொள்ள வேண்டும், அதுவும் வருடக்கணக்கில்!

இந்தச் சிக்கலுக்கு 1980களில் கிடைத்த விடை, பார்ப்பதற்கு வெறும் வெள்ளைப் பொடி. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அதன் ஒவ்வொரு துகளும் ஓர் உருண்டை. தலைமுடியின் தடிமனில் பாதிக்கும் குறைவான அந்த உருண்டைக்குள் மருந்து சிறைப்பட்டிருக்கும். திரவத்தில் கலந்து தசைக்குள் ஊசியாகப் போட்டால், உருண்டை மெல்லக் கரையக் கரைய மருந்து வெளியே வரும். ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்து மருந்தும் தீர்ந்திருக்கும், உருண்டையும் இருக்காது. வெளியே எடுக்க வேண்டிய வேலையே இல்லை.

இந்த நுண்ணுருண்டையைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரே பெயரைச் சொல்ல முடியாது. சுமார் அறுபது ஆண்டுகளில், ஒருவரையொருவர் அறியாத பலர் செய்த வேலை இது. அவர்களில் சிலர் மருந்தைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீரில் தோற்ற பொருள்

கதை அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் வில்மிங்டன் நகரில், டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. 1928-ல் அங்கு வேலைக்குச் சேர்ந்த வாலஸ் கரோத்தர்ஸ், சிறு மூலக்கூறுகளைச் சங்கிலி போலக் கோத்து நீண்ட மூலக்கூறுகள் செய்யும் கலையில் இறங்கினார். அப்படிக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிக்குத்தான் பாலிமர் என்று பெயர்.

1932-ல் அவரும் அவருடைய குழுவினரும் லாக்டிக் அமிலத்தில் இருந்து கிடைக்கும் லாக்டைடு போன்ற வளைய மூலக்கூறுகளைத் திறந்து சங்கிலியாக்கும் வேலையைப் பற்றி எழுதினார்கள். பால் தயிராகும்போது உண்டாகும் அதே லாக்டிக் அமிலம்தான். ஆனால் கிடைத்த சங்கிலிகள் குட்டையானவை. நிறுவனத்துக்கு வேண்டியது துணி நெய்ய உதவும் இழை. இந்த வகை எஸ்டர் சங்கிலிகளோ குறைந்த சூட்டிலேயே இளகின, தண்ணீர் பட்டால் காலப்போக்கில் உடைந்தன. துவைத்தால் போய்விடும் துணியை யார் வாங்குவார்கள்?

ஆகவே கரோத்தர்ஸ் வேறு வகைச் சங்கிலிகளின் பக்கம் போனார். 1935-ல் நைலான் பிறந்தது. உலகமே நைலானைக் கொண்டாடியது. 1937-ல் இறந்துபோன கரோத்தர்ஸ் அதைப் பார்க்கவில்லை. தண்ணீரில் உடையும் பாலிமர் குறிப்பேடுகளிலேயே தங்கிவிட்டது. 1954-ல் அதே டூபாண்டில், கிளைக்காலிக் அமிலத்தின் நீண்ட சங்கிலியைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டது. கிளைக்காலிக் அமிலம் கரும்பிலும் உள்ள ஒரு சிறிய அமிலம். அந்தப் பாலிமருக்கும் அப்போது பெரிய பயன் எதுவும் கிடைக்கவில்லை.

நகல் காகிதத்தில் இருந்து வந்த வித்தை

அதே 1954-ல், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் ஒரு புதுவகைக் காகிதத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடைகளில் ரசீது எழுதும்போது நடுவில் கார்பன் தாள் வைக்க வேண்டாம். மேல் தாளில் எழுதினாலே கீழ்த்தாளில் பதியும்.

எப்படி? பாரெட் கிரீன் என்பவரும் அவருடைய சகாக்களும், நிறமற்ற சாயம் கரைந்த எண்ணெய்த் துளிகளை ஜெலட்டின் போன்ற பொருளால் மூடி, கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாக்கி, மேல் தாளின் அடிப்பக்கத்தில் பூசியிருந்தார்கள். பேனா அழுத்தும் இடத்தில் குமிழிகள் உடையும். வெளிவரும் சாயம் கீழ்த்தாளின் பூச்சைத் தொட்டதும் நிறம் பெறும்.

ஒரு திரவத்துக்குள் இன்னொரு திரவத்தைத் துளித்துளியாகப் பிரித்து, ஒவ்வொரு துளிக்கும் தோல் போர்த்தும் வித்தை இப்படித்தான் தொழிற்சாலை அளவில் வளர்ந்தது. சாயத்துக்குப் பதில் மருந்து, ஜெலட்டினுக்குப் பதில் உடலில் கரையும் பாலிமர் என்று மாற்றிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதற்கு முன், அந்தப் பாலிமர் உடலுக்குள் பாதுகாப்பானது என்று யாராவது காட்ட வேண்டும்.

தையல் நூல் காட்டிய வழி

அதைக் காட்டியவர்கள் அறுவைச் சிகிச்சைத் துறையினர். உடலின் உட்பகுதியில் போடும் தையலைப் பிரிக்க மறுபடியும் வயிற்றைக் கிழிக்க முடியாது. எனவே தானாகக் கரையும் நூல் வேண்டும். பல தலைமுறைகளாக அதற்குப் பயன்பட்டது ஆடு, மாடுகளின் குடலில் இருந்து செய்த நரம்பு நூல். அது உடலுக்கு அந்நியப் புரதம். ஒருவருக்குச் சீக்கிரம் கரையும், இன்னொருவருக்குத் தாமதமாகும். சிலருக்குத் தையல் போட்ட இடம் வீங்கும்.

1966-ல் வாஷிங்டனில் வால்டர் ரீட் இராணுவ மருத்துவ மையத்தைச் சேர்ந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் குல்கர்னியும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாலிலாக்டிக் அமிலத்தை விலங்குகளின் உடலில் பதித்துப் பார்த்ததில், அது நஞ்சாக இல்லை, மெல்ல மெல்லச் சிதைந்தது என்பதே செய்தி. அடுத்த ஆண்டே அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தைச் சேர்ந்த ஷ்மிட், பாலிஸ்டினா இருவரும் பாலிகிளைக்காலிக் அமிலத்தால் ஆன தையல் நூலுக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1970 வாக்கில் 'டெக்ஸான்' என்ற பெயரில் அது அறுவை அரங்குகளுக்கு வந்தது. 1974-ல் எத்திக்கான் நிறுவனத்தின் 'விக்ரில்' வந்தது. இன்றும் உலகெங்கும் அறுவை மேசைகளில் இருக்கும் நூல் அது. அதில் கிளைக்காலிக் பகுதி 90, லாக்டிக் பகுதி 10.

இந்த இரண்டு அமிலங்களும் சேர்ந்த சங்கிலியைச் சுருக்கமாக பி.எல்.ஜி.ஏ என்பார்கள். இதன் கண்ணிகளை இணைத்து நிற்பது எஸ்டர் பிணைப்பு. தண்ணீர் அந்தப் பிணைப்பை வெட்டும். துணிக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட அதே குணம்தான்! வெட்டுப்பட்டு மிஞ்சுவது லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும். நாம் வேகமாக ஓடினால் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, உடல் அதைச் சமாளிக்கிறது அல்லவா? அது போலவே இவற்றையும் உடல் கடைசியில் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. லாக்டிக் பகுதி தண்ணீரை அவ்வளவாக விரும்பாது. எனவே அதைக் கூட்டினால் கரைவது தாமதமாகும். இரண்டும் பாதிக்குப் பாதி என்றால் ஓரிரு மாதங்களில் சங்கிலி சிதையும். லாக்டிக் மட்டும் என்றால் பல மாதங்கள் தாங்கும். சமையலில் உப்பைக் கூட்டிக் குறைப்பது போல, கலவையின் விகிதத்தை மாற்றி ஆயுளை நிர்ணயிக்கலாம்.

கடற்படையில் ஒரு தற்செயல்

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, மருந்தை மெதுவாக வெளிவிடலாம் என்ற எண்ணம் வேறொரு இடத்தில் முளைத்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜூடா ஃபோக்மன் என்ற இளம் அறுவை மருத்துவர், பெதஸ்டாவில் இருந்த அமெரிக்கக் கடற்படை மருத்துவ மையத்தில் கட்டாயப் பணியில் இருந்தார். அவரும் டேவிட் லாங் என்பவரும் செய்த சோதனைகளில், சிலிக்கோன் ரப்பரின் சுவரை ஊடுருவிச் சில சாயங்கள் கசிவதைக் கவனித்தார்கள். சாயம் கசியும் என்றால் மருந்தும் கசியுமே! மருந்து நிரப்பிய சிலிக்கோன் குப்பிகளை நாய்களின் இதயத்தசையில் பதித்துச் சோதித்தார்கள். 1964-ல் கட்டுரை வெளிவந்தது.

ஃபோக்மன் இந்தக் கண்டுபிடிப்பைப் பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார். அதன் அடிப்படையில் பாப்புலேஷன் கவுன்சில் என்ற அமைப்பு உருவாக்கியதுதான் 'நார்பிளாண்ட்'. கையின் தோலுக்கடியில் பதிக்கும் ஆறு சிலிக்கோன் குழாய்கள், ஐந்து ஆண்டுகளுக்குக் கருத்தடை. 1983-ல் பின்லாந்திலும் 1990-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஆனால் காலம் முடிந்ததும் ஆறு குழாய்களையும் கீறி எடுக்க வேண்டும். அந்த வேலையில் பல பெண்களுக்குச் சிரமம் ஏற்பட்டது. 2002-ல் அது அமெரிக்கச் சந்தையில் இருந்து விலக்கப்பட்டது. கரையாத பொருளின் குறை என்ன என்பதற்கு நார்பிளாண்டைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

சிலிக்கோனுக்கு இன்னொரு குறையும் இருந்தது. கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகள்தான் அதன் வழியே கசியும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறு நகராது. 1974-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஃபோக்மனிடம் சேர்ந்த ராபர்ட் லாங்கர் என்ற வேதிப் பொறியாளர் அந்தச் சுவரையும் தாண்டினார். 1976-ல் இருவரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, பாலிமரில் இருந்து புரதங்களையும் பல நாட்களுக்கு மெதுவாக வெளிவிட முடியும் என்று காட்டியது. பெரிய மூலக்கூறு பாலிமரைத் தாண்டாது என்று நம்பியிருந்த பலர் இதை எளிதில் ஏற்கவில்லை. லாங்கரின் தொடக்க கால நிதி விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிராகரிக்கப்பட்டன. ஆனால் வாசல் திறந்துவிட்டது.

போதைக்கு எதிரான முதல் முயற்சி

கரையும் பாலிமருக்குள் மருந்தை வைக்கும் முயற்சியின் தொடக்கத்திலேயே ஒரு சமூகப் பிரச்சினை இருந்தது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் ஹெராயின் பழக்கம் பரவியிருந்தது. 1971-ல் நிக்சன் அரசு போதைப் பழக்கத்தைத் தடுக்கத் தனி அலுவலகமே அமைத்தது. நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் மூளையில் ஹெராயின் ஒட்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதன் போதையைத் தடுக்கக்கூடியவை. ஆனால் மாத்திரை விழுங்குவதை நிறுத்திவிட்டால் ஓரிரு நாளில் தடை போய்விடும். பழக்கத்தின் பிடியில் இருப்பவர் தினமும் தவறாமல் அந்த மாத்திரையை விழுங்குவார் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

டெலாவேர் பல்கலைக்கழகத்தில் சீமோர் யோல்ஸ் என்ற வேதியியலாளர் 1970களின் தொடக்கத்தில் இந்த வகை மருந்துகளைப் பாலிலாக்டிக் அமிலத்தோடு கலந்து விலங்குகளில் சோதித்தார். கரோத்தர்ஸ் வேலை செய்த அதே மாநிலம்! டூபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பாஸ்வெல், ஸ்கிரிப்னர் ஆகியோர் பாலிலாக்டைடும் மருந்தும் சேர்ந்த கலவைக்கு 1973-ல் காப்புரிமை பெற்றார்கள். தத்துவம் சரியாக இருந்தது. ஆனால் மருந்தாகக் கடைக்கு வரும் அளவுக்கு முதிரவில்லை. இந்த நூலிழையைக் கடைசியில் மீண்டும் பிடிக்க வேண்டியிருக்கும்.

தூண்ட வந்த மருந்து அடக்கியது எப்படி?

நுண்ணுருண்டைக்கு உண்மையான தேவையை உருவாக்கியது வேறொரு கண்டுபிடிப்பு. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, எல்.எச்.ஆர்.எச் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி விதைகளையும் சினைப்பைகளையும் தூண்டும். ஆண்ட்ரூ ஷாலியின் குழு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைப்போதலாமஸ்களை அரைத்து வடித்து, 1971-ல் அதன் அமைப்பைக் கண்டறிந்தது. வெறும் பத்து அமினோ அமிலங்கள். ஷாலியும், போட்டியாக இதே துறையில் உழைத்த ரோஜர் கில்லெமினும் 1977-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இயற்கை ஹார்மோன் உடலில் சில நிமிடங்களே நிலைக்கும். ஜப்பானின் ஒசாகா நகரில் தகேதா நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிகோ ஃபுஜினோவும் குழுவினரும் அதைச் சற்றே மாற்றி, பல மடங்கு வீரியமுள்ள லியூப்ரோலைடு என்ற மருந்தை உருவாக்கினார்கள். குழந்தைப் பேறு இல்லாதவர்களுக்கு இந்த வகை மருந்துகள் உதவும் என்பதே அந்நாளைய எதிர்பார்ப்பு.

இங்குதான் பெரிய திருப்பம். 1978-ல் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபிலின் குழு குரங்குகளில் ஒரு சோதனை செய்தது. மணிக்கு ஒருமுறை விட்டு விட்டு ஹார்மோனைக் கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தினால் பிட்யூட்டரி அடங்கிப்போனது! ஓயாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொள்வது போல.

குழந்தைப் பேற்றுக்கு உதவாது என்று தோன்றிய இந்த அடங்கல், புரோஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு வரமானது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை உண்டு வளர்வது அந்தப் புற்று. சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941-லேயே இதைக் காட்டி, 1966-ல் நோபல் பரிசு பெற்றிருந்தார். ஆனால் வைத்தியம் கொடுமையானது. ஒன்று, விதைகளை அறுவையால் நீக்க வேண்டும். அல்லது செயற்கைப் பெண் ஹார்மோன் சாப்பிட வேண்டும். அது இதயத்தையும் இரத்த நாளங்களையும் பாதித்தது. வயதான காலத்தில் புற்றுநோயோடு இந்த இரண்டில் ஒன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை.

லியூப்ரோலைடு மூன்றாவது வழியைத் திறந்தது. முதல் சில நாட்கள் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். அதன் பிறகு விதை நீக்கியவருக்கு இருக்கும் அளவுக்கு இறங்கிவிடும். கத்தி வேண்டாம். 1985-ல் 'லூப்ரான்' என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தினமும் 1 மில்லிகிராம், தோலுக்கடியில் ஊசி. தினமும் என்றால் ஆயுள் முழுவதும் தினமும்! இடைவிடாமல் இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால், சில நாள் விட்டுவிட்டால் பலனும் போகும். மருந்து மெதுவாக வெளிவருவது வெறும் வசதிக்காக என்ற நிலை மாறிவிட்டது. இங்கே இடைவிடாத வெளியீடே மருத்துவம்.

தண்ணீருக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் தண்ணீர்

பந்தயத்தில் முதலில் வந்தவர்கள் ஐரோப்பாவில். சுவிட்சர்லாந்தின் டெபியோஃபார்ம் நிறுவனம், லியூப்ரோலைடின் உறவுக்கார மருந்தான டிரிப்டோரெலினை பி.எல்.ஜி.ஏ நுண்ணுருண்டைக்குள் அடைத்தது. 1986-ல் பிரான்சில் 'டெக்காபெப்டில்' விற்பனைக்கு வந்தது. மாதம் ஒரு ஊசி.

ஒசாகாவில் தகேதாவின் ஹிரோவாகி ஒகாதா, யசுவாகி ஒகாவா ஆகியோரின் குழு வேறு வழியில் போனது. அவர்கள் முன் இருந்த சிக்கல் எளிமையானது, ஆனால் பிடிவாதமானது. லியூப்ரோலைடு தண்ணீரில் நன்றாகக் கரையும். பாலிமர் தண்ணீரில் கரையாது. பாலிமரை ஒரு கரைப்பானில் கரைத்துத் தண்ணீருக்குள் துளிகளாக்கும்போது, மருந்து துளியைவிட்டு வெளித் தண்ணீருக்கு ஓடிவிடும். உருண்டை கிடைக்கும், உள்ளே மருந்து இருக்காது.

அவர்கள் செய்தது இரட்டைக் குழம்பு. மருந்தை மிகக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தார்கள். பாலிமரை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்தார்கள். இரண்டையும் வேகமாகக் கலக்கினால் பாலிமர் திரவத்துக்குள் மருந்துத் தண்ணீர் நுண்துளிகளாக நிற்கும். அதைக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்தி, பெரிய அளவு தண்ணீரில் ஊற்றி மறுபடியும் சுழற்றினார்கள். துளிக்குள் துளி. கரைப்பான் ஆவியாகப் போகப் போக, ஒவ்வொரு துளியும் இறுகி உருண்டையானது. வடிகட்டி, கழுவி, மானிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளோடு உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைப் பொடி.

இதில் இயற்கையும் கைகொடுத்தது. லியூப்ரோலைடு நேர்மின் தன்மை உள்ளது. பாலிமர் சங்கிலியின் முனைகளோ அமிலம். இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டதால் மருந்து வெளியே ஓடவில்லை. உடலுக்குள் போன பிறகும் ஒரேயடியாகக் கொட்டவில்லை. லாக்டிக் 75, கிளைக்காலிக் 25 என்ற விகிதம் ஒரு மாதத்துக்குப் பொருந்தியது.

1989 ஜனவரியில் 'லூப்ரான் டிப்போ' அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அளவைக் கவனித்தால் இன்னொரு ஆச்சரியம் தெரியும். தினமும் 1 மில்லிகிராம் என்றால் மாதத்துக்கு 30 மில்லிகிராம். டிப்போ ஊசியில் இருந்தது மாதத்துக்கு 7.5 மில்லிகிராம்தான். ஜப்பானில் அதிலும் பாதி, 3.75. வீணாகாமல் மெதுவாகப் போனதால் கால் பங்கு மருந்தே போதுமானதாக இருந்தது!

பிறகு பயன்கள் பெருகின. கருப்பைப் படலம் வெளியே வளர்ந்து வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்கு 1990-ல் அனுமதி. ஏழெட்டு வயதிலேயே பருவமடையத் தொடங்கும் குழந்தைகளுக்கு 1993-ல். கலவையை மாற்றி மூன்று மாத ஊசி, நான்கு மாத ஊசி, 2011-ல் ஆறு மாத ஊசி வரை வந்தன. இந்தியாவிலும் லியூப்ரோலைடு டிப்போ தயாரிக்கப்படுகிறது.

எல்லாம் வெற்றியா?

இல்லை. குட்டையான குழந்தைகளுக்கான வளர்ச்சி ஹார்மோன் பெரிய புரதம். அதை நுண்ணுருண்டையில் அடைத்த 'நியூட்ரோபின் டிப்போ' 1999-ல் அனுமதி பெற்றது. தயாரிப்பு கடினம், செலவு அதிகம், 2004-ல் நிறுத்தப்பட்டது.

இதைவிட வருத்தமானது தடுப்பூசியின் கதை. 1990-ல் தொடங்கிய குழந்தைகள் தடுப்பூசி முன்முயற்சியின் பெரிய கனவுகளில் ஒன்று, ஒரே ஊசியில் முடியும் தடுப்பூசி. டெட்டனஸ் தடுப்பூசிக்கு இரண்டு மூன்று தவணைகள் வேண்டும். முதல் தவணைக்கு வந்த கிராமத்துத் தாய் இரண்டாவதற்கு வர முடியாமல் போகலாம். சில உருண்டைகள் உடனே கரைய, சில மாதம் கழித்துக் கரைந்தால், ஒரே ஊசி எல்லாத் தவணைகளையும் கொடுத்துவிடுமே!

ஆனால் பாலிமரின் பலமே இங்கே பகையானது. சங்கிலி உடையும்போது உண்டாகும் அமிலம் உருண்டைக்குள்ளேயே தேங்கியது. உடல் சூட்டில், ஈரத்தில், அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறிய தடுப்பூசிப் புரதம் உருக்குலைந்தது. 2000-ல் ஸ்டீவன் ஷ்வெண்டமனின் குழு, மக்னீசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து அமிலத்தை முறிக்கலாம் என்று காட்டியது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்தில் இருப்பதும் அதுவே. ஆராய்ச்சி தொடர்ந்தது. ஆனால் டெட்டனசுக்கான ஒற்றை ஊசி மக்களிடம் வந்து சேரவில்லை. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதைச் சாதித்தவை பழைய தடுப்பூசி, சுத்தமான பிரசவம், வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்களின் கால்கள்.

பணத்தின் பக்கமும் உண்டு. லூப்ரானை அமெரிக்காவில் விற்ற டேப் நிறுவனம், மருத்துவர்களுக்கு இலவச மாதிரிகளைக் கொடுத்து, அவற்றுக்கு அரசுக் காப்பீட்டில் பணம் கேட்க வழிசெய்தது. 2001-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மொத்தம் 87.5 கோடி டாலர் கட்டியது. சிறந்த மருந்து என்பதாலேயே அதைச் சுற்றி நடப்பதெல்லாம் நேர்மையாகிவிடாது.

நாற்பது ஆண்டுகள் கழித்து

இனி விட்ட நூலிழைக்கு வருவோம். யோல்ஸ் தொடங்கிய வழியில் நால்ட்ரெக்ஸோன் என்ன ஆனது? மாத்திரையாக அது 1984-ல் அனுமதி பெற்றது. எதிர்பார்த்தது போலவே பலர் நடுவில் நிறுத்தினார்கள். இதற்கிடையில் 2003-ல், மனச்சிதைவு நோய்க்கான ரிஸ்பெரிடோன் மருந்து நுண்ணுருண்டையாக அமெரிக்காவுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. அதே ஆல்கெர்மீஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில், 380 மில்லிகிராம் நால்ட்ரெக்ஸோன் அடங்கிய 'விவிட்ரால்' 2006-ல் மதுப்பழக்கத்துக்கும், 2010-ல் ஹெராயின் வகைப் போதைக்கும் அனுமதி பெற்றது. மாதம் ஒரு ஊசி. மாதத்தில் முப்பது முறை எடுக்க வேண்டிய முடிவை ஒரே முறை எடுத்தால் போதும்.

வியட்நாம் சிப்பாய்களுக்காகத் தேடப்பட்ட ஊசி கிடைத்தபோது, அவர்களில் பலர் தாத்தாக்களாகியிருந்தார்கள். அதன் விலையும் அமெரிக்காவில் மாதத்துக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. ஏழை நாடுகளில் போதையோடும் மதுவோடும் போராடும் குடும்பங்களுக்கு அது எட்டாக் கனி.

துணிக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பொருள் தையல் நூலாகி, தையல் நூல் மருந்துறையாகி, லட்சக்கணக்கானவர்களுக்குத் தினசரி ஊசியில் இருந்தும் அறுவைக் கத்தியில் இருந்தும் விடுதலை தந்தது. ஒரு பொருளின் குறை எது, குணம் எது என்பதை அதைப் பயன்படுத்தும் இடம்தான் தீர்மானிக்கிறது. உருண்டையைக் கரையவைக்கும் வித்தை கைவந்துவிட்டது. அந்த ஊசி யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்ற கணக்கை ஆய்வுக்கூடம் மட்டும் தீர்த்துவிட முடியாது.